என் பெட்டியில் இருபத்தொரு பேஸ்பால் கார்டுகள்

1998ல் பிட்ஸ்பர்குக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆபீசில் என்னை ‘பால்’ ஆக்கிவிட்டார்கள். பாலசுப்ரமணியன் என்று முழுசாகச் சொல்ல அங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை. மறு வருடம் பக்கத்து மேஜைக்காரர் ஓய்வு பெற்றார். கிளம்புகிற அன்று டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தவர் ஒரு பேஸ்பால் கார்டை எடுத்து என் கையில் வைத்தார். ஆட்டக்காரர் படம் அச்சடித்த சின்ன அட்டை, டாப்ஸ் என்ற கார்டு கம்பெனி 1967ல் போட்டது. நான்கு மூலைகளும் தேய்ந்து வட்டமாகியிருந்தன, குறுக்கே ஒரு மடிப்பு. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பாப் கிளெமென்டே’ என்று அச்சாகியிருந்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் அந்தக் காலத்து நட்சத்திரம்.

“அவர் பெயர் ரொபர்ட்டோ. பாப் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. யார் கேட்டார்கள்? இதை நீ வைத்துக்கொள், பாலா” என்றார்.

பழைய பேஸ்பால் கார்டு எப்படிச் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் கார்டைத்தான். விற்கப்போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் என் பெட்டியில் முதல் இடம் அதற்கு. உங்களுக்கும் அப்படி ஒரு கார்டு அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்தான். அமையும் வரைக்கும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

நான் எடுத்தேன். ஆரம்பத்தில் மூன்று வருடம், கண்ணில் பட்ட பெட்டியெல்லாம் வாங்கினேன். பெரும்பாலும் 1987 முதல் 1991 வரைக்குமான கார்டுகள். அந்தக் காலத்தில் கார்டு என்றால் முதலீடு என்று ஊரே நம்பியது, கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. எல்லாரும் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். எல்லாரிடமும் பத்திரமாக இருக்கிற பொருளுக்கு என்ன விலை கிடைக்கும்? ‘ஜங்க் வாக்ஸ்’, அதாவது மெழுகுத் தாள் பாக்கெட்டில் வந்த குப்பை, என்று அந்தக் காலக் கார்டுகளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். என் வீட்டு பேஸ்மென்ட்டில் ஆறாயிரம் கார்டு கிடந்தது. அதில் எனக்குப் பிடித்தது எது என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்குப் போட்ட கணக்குதான் இருபத்தொன்று. கிளெமென்டேயின் சட்டை எண் 21. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஆடும் பி.என்.சி. பார்க் மைதானத்தில் ரைட் ஃபீல்ட் சுவரை, அதாவது அவர் ஆடிய வலப்பக்கத்துச் சுவரை, அவர் நினைவாக 21 அடி உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். என் பெட்டிக்கும் அதுவே உயரம். இருபத்திரண்டாவது வந்தால் பழையதில் ஒன்று வெளியே போக வேண்டும்.

எண் எதுவாகவும் இருக்கட்டும், பத்தோ ஐம்பதோ. ஆனால் ஒரு எல்லை வேண்டும். கூடவே ஒரு சரடும் வேண்டும். ஒரு ஆட்டக்காரர், ஒரு அணி, நீங்கள் பிறந்த வருடத்துக் கார்டு, ஒரே டிசைன், இப்படி ஏதாவது. என் சரடு இரண்டு: பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர்கள், அப்புறம் கம்பெனிக்காரன் தப்பாக அச்சடித்த கார்டுகள். இரண்டாவது எப்படி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. பெயர் தப்பாகக் கூப்பிடப்படுகிறவனுக்கு அச்சுப்பிழை மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது.

அளவுகோலை முதலில் எடுங்கள்

பழைய கார்டு என்றால் எத்தனை பழசு என்பதில் ஆளுக்கொரு கருத்து. பொதுவாக இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது ஒரு வகை, அதற்குப் பிறகு 1970கள் வரை இன்னொரு வகை. எனக்கு 1973தான் கோடு. ஒரு வருடத்து கார்டுகளைப் பகுதி பகுதியாக டாப்ஸ் வெளியிட்ட கடைசி வருடம் அது. 1974 முதல் எல்லாம் ஒரே தடவையில் வந்துவிட்டன.

ஒவ்வொரு காலத்துக்கும் கார்டின் அளவு வேறு. இதை மனப்பாடம் செய்வது ஏதோ பரீட்சைக்குப் படிப்பது போல் தோன்றும். ஆனால் போலியில் பாதி, அளவிலேயே மாட்டிக்கொள்ளும்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்த சின்ன கார்டுகளுக்கு டி206 என்று பெயர். அகலம் ஏறத்தாழ 1 7/16 அங்குலம், உயரம் 2 5/8. உள்ளங்கையில் ஒளித்துவிடலாம். இந்த ‘டி206’ என்ற எண்ணை வைத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். கார்டுகளுக்கெல்லாம் பட்டியல் போட்டு வகை பிரித்தவர். தான் சேர்த்த லட்சக்கணக்கான அச்சுத் தாள்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். அதில் பேஸ்பால் கார்டு மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். அங்கே போனால் சிலதைக் காட்சிக்கு வைத்திருப்பார்கள்.

1933ல் பாஸ்டன் கௌடி கம்பெனி சூயிங்கம்மோடு கொடுத்தது 2 3/8க்கு 2 7/8. சதுரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். 240 கார்டுகள் கொண்ட அந்த செட்டில் 106ஆம் எண் மட்டும் வரவே இல்லை. பிள்ளைகள் அதைத் தேடித் தேடி கம் வாங்கியதுதான் மிச்சம். புகார் எழுதிக் கேட்டவர்களுக்கு மறு வருடம் அந்தக் கார்டை அனுப்பி வைத்தார்கள். நாப் லாஜவே என்ற ஆட்டக்காரரின் கார்டு அது. இன்று அந்த செட்டிலேயே கிடைக்க அரிதானது அதுதான். வியாபாரத் தந்திரம் என்றால் இது.

1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டு 2 5/8க்கு 3 3/4. 1957ல் 2½க்கு 3½ ஆக்கினார்கள், இன்று வரைக்கும் அதுதான் அளவு. இந்த ஒரு வரி எனக்கு நிறையப் பணம் மிச்சம் பிடித்திருக்கிறது. எப்படி என்றால், 1952 செட்டை டாப்ஸே 1983ல் மறுபதிப்பு செய்தது. ஆனால் புது அளவில், 2½க்கு 3½ல். யாராவது நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் 1952 கார்டு என்று காட்டினால் பக்கத்தில் ஒரு சாதாரண கார்டை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரமா? நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போங்கள். அசல் மேன்டில் ஒன்று 2022ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே 1952ஆம் வருடத்தில் விற்காமல் தேங்கிய கார்டுகளை, டாப்ஸின் சை பெர்கர் 1960வாக்கில் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். குடோனில் இடம் வேண்டுமாம்.

அளவு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். மூலை கூர்மையாகத் தெரியட்டும் என்று ஓரத்தை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அறுபது வருடக் கார்டு, நடுவில் மடிப்பு இருக்கிறது, முகப்பில் கீறல் இருக்கிறது, மூலை மட்டும் நேற்று வெட்டினது போல் இருந்தால் சந்தேகப்படுங்கள். அளந்து பாருங்கள். ஓரத்தை விளக்குக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். அசல் ஓரம் லேசாகப் பிசிறும். கத்தரித்த ஓரம் வழவழ என்று இருக்கும், சில சமயம் மெல்ல வளைந்தும் போகும்.

பத்து மடங்கு லென்ஸ்

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு வாங்கும் முன்பே வாங்க வேண்டிய பொருள் இது. நான் பின்னால் வாங்கினேன். அதற்குக் கொடுத்த விலை அறுபது டாலர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டை காப் என்ற அந்தக் காலத்து நட்சத்திரத்தின் டி206 கார்டு ஒன்று பார்த்தேன். நான்கு திருகாணி போட்ட தடித்த பிளாஸ்டிக் பலகைக்குள் இருந்தது. பழுப்பேறி, ஓரம் தேய்ந்து, பார்க்க நூறு வயதுக் கிழவர் மாதிரியே இருந்தது. “தாத்தா வீட்டுப் பரணில் கிடந்தது” என்றார் விற்றவர். பரண் கதை சொன்னாலே இப்போதெல்லாம் நான் பர்ஸை உள்ளே வைத்துவிடுவேன், அன்று வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து திருகாணியைக் கழற்றினதும் முதலில் தெரிந்தது வாசனை. காபி வாசனை. தாளைக் காபியில் தோய்த்துக் காயவைத்திருக்கிறார்கள்.

லென்ஸ் வந்த பிறகு அதைப் பார்த்தேன். போலி என்று தெரிந்தே பார்த்ததால் நன்றாகக் கற்றுக்கொள்ள முடிந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது எழுத்தைத்தான், முகத்தை அல்ல. அசல் கார்டில் ஆட்டக்காரர் பெயரும், படத்தைச் சுற்றிய கோடும் தனி மையில் அச்சானவை. லென்ஸில் பார்த்தால் எழுத்து முழுசாக, ஓட்டையில்லாமல் தெரியும். அசலை ஸ்கேன் செய்து திரும்ப அச்சடித்ததில் எல்லாமே சேர்ந்து ஒரே படம்தானே? அதனால் எழுத்தும் கோடும்கூடச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்து தெரியும். என் டை காப்பின் பெயரில் நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி எல்லாம் இருந்தன.

1950, 60களின் டாப்ஸ் கார்டிலும் இதே சோதனைதான். படத்தில் புள்ளி இருக்கும், அது இயல்பு. எழுத்தில் புள்ளி இருந்தால்தான் தகராறு. கையில் இருக்கிற மலிவான அசல் கார்டு ஒன்றைப் பத்துத் தடவை லென்ஸில் பார்த்துப் பழகுங்கள். அதே வருடத்து அசல் இரண்டு டாலருக்கும் கிடைக்கும், யாருக்கும் தெரியாத ஆட்டக்காரராக இருந்தால் போதும். அந்தக் கார்டுதான் உங்கள் உரைகல்.

அடுத்தது கறுப்பு விளக்கு, அதாவது புற ஊதா டார்ச். தாளை வெள்ளை வெளேர் என்று காட்டச் சேர்க்கும் ரசாயனம் 1940களின் கடைசிவாக்கில்தான் காகிதத்துக்குள் வந்தது. ஆகவே டி206ஓ கௌடியோ இருட்டறையில் அந்த வெளிச்சத்தில் நீலமாகப் பளிச்சிட்டால் அது நூறு வருடத் தாள் இல்லை. பளிச்சிடவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தாளில் அச்சடிக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பிள்ளைகள் கையில் புழங்கிய கார்டு மூலையில் அடுக்கடுக்காக உரியும், உரிந்த இடம் அழுக்கேறி மென்மையாக இருக்கும். செயற்கையாகப் பழசாக்கியதில் கறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்கும், மடிப்புகள் மட்டும் புத்தம் புதிதாக வெள்ளையாகத் தெரியும்.

அந்தப் போலி டை காப்பை நான் தூக்கிப் போடவில்லை. பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். இருபத்தொன்றில் அது சேர்த்தி இல்லை.

உண்மையான டி206 இப்போது என்னிடம் ஒன்றே ஒன்று உண்டு. டாமி லீச். 1909ல் டெட்ராய்ட்டை வென்று உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரை, எடுத்த பிட்ஸ்பர்க் அணியில் ஆடியவர். அதே அணியின் ஹோனஸ் வாக்னர் கார்டுதான் உலகப் புகழ் பெற்றது. அச்சடிப்பதைப் பாதியில் நிறுத்தியதால் அறுபதுக்குள்தான் மிஞ்சியிருக்கின்றன, 2022ல் ஒன்று 72½ லட்சம் டாலருக்குக் கைமாறியது. வாக்னரோடு ஒரே மைதானத்தில் ஓடியவர் கார்டு என்னிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். டி206 வாங்கினால் பின்புறத்தையும் படியுங்கள். பீட்மான்ட், ஸ்வீட் காப்பரல் சிகரெட் விளம்பரங்கள்தான் மிக அதிகம். போலார் பேர் என்று இருந்தால் புகையிலைக் கறை இருக்கிறதா பாருங்கள். அது சிகரெட் இல்லை, உதிரிப் புகையிலைப் பொட்டலம். கார்டு புகையிலைக்குள்ளேயே கிடந்ததால் கறை பட்டிருக்கும். அந்தக் கறை குறை இல்லை, பிறந்த இடத்து மச்சம்.

எந்தக் காயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்

பழைய கார்டின் விலையில் பெரும்பகுதி மூலைகளுக்குப் போகிறது. பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் கார்டைப் பரிசோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துக் கொடுக்கும். ஒரே கார்டு, 3 வாங்கினதற்கும் 8 வாங்கினதற்கும் விலையில் பத்து மடங்கு, இருபது மடங்கு வித்தியாசம் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசமோ நான்கு மூலையும் ஒரு மடிப்பும்.

எனவே என் வழி இது: முகம் தெளிவாக இருக்க வேண்டும், நிறம் மங்கியிருக்கக் கூடாது, படம் ஓரளவு நடுவில் அச்சாகியிருக்க வேண்டும். மூலை எப்படிப் போனாலும் கவலை இல்லை. பின்புறம் மெழுகுக் கறை, கம் கறை இருந்தால் இன்னும் நல்லது, பேரம் பேசலாம். மெழுகுத் தாளில் சுற்றிய பாக்கெட்டை ஒட்டும்போது மெழுகு உருகிக் கார்டில் இறங்கும். அப்படி வந்ததுதான் அந்தக் கறை.

முகத்துக்குக் குறுக்கே போகும் மடிப்பை மட்டும் நான் வாங்குவதில்லை. (ஓய்வு பெற்ற அந்த நண்பர் கொடுத்ததற்கு இந்தச் சட்டம் செல்லாது.) தாள் உரிந்து படம் போயிருந்தாலும் வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவால் பூசியதும் வேண்டாம். இந்தப் பேனா வேலையை 1971 டாப்ஸில் ரொம்பப் பார்க்கலாம். அந்த வருடத்து கார்டுக்குக் கறுப்பு ஓரம். லேசாக உரசினாலே வெள்ளை எட்டிப் பார்க்கும், அதை மறைக்கக் கறுப்பு மை தடவிவிடுவார்கள். கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் ஆட்டுங்கள். அச்சு மையின் மினுமினுப்பும் பேனா மையின் மினுமினுப்பும் ஒன்றாக இருக்காது. மை கார்டின் பக்கவாட்டிலும் இறங்கியிருக்கும். என் 1971 கிளெமென்டே ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உரிந்து, பழைய வீட்டு ஜன்னல் மாதிரி நிற்கிறது. அப்படியே இருக்கட்டும்.

எண் எழுதியவர், பெயரெழுதியவர், மீசை வரைந்தவர் என்று பின்புறமும் முன்புறமும் பேனாவால் விளையாடியவர்கள் உண்டு. என்னிடம் உள்ள 1961 கார்டில் பென்சிலால் ‘நான் ரேடியோவில் கேட்டேன்’ என்று ஒரு குழந்தைக் கையெழுத்து. அது பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் பில் மாசரோஸ்கியின் ஹோம் ரன் கார்டு, பந்தைச் சுவருக்கு வெளியே அடிப்பதுதான் ஹோம் ரன். 1960 அக்டோபர் 13ல் யாங்கீஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை, ஒன்பதாவது இன்னிங்ஸில் அந்த ஒரே அடி முடித்துவைத்தது. பத்துக்கு ஒன்பது, பிட்ஸ்பர்குக்கு வெற்றி. அந்த ஆட்டம் நடந்த பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்துச் சுவரில் கொஞ்சம் இன்னும் பிட்ஸ்பர்கின் ஓக்லாண்ட் பகுதியில் நிற்கிறது, வருடா வருடம் அந்தத் தேதியில் ரசிகர்கள் அங்கே கூடி பழைய ரேடியோ வர்ணனையை ஒலிபரப்பிக் கேட்பார்கள். எழுத்து இருப்பதால் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார் விற்றவர். அந்த எழுத்துக்காக நான் முழு விலையும் கொடுத்திருப்பேன். சொல்லவில்லை.

மதிப்பெண் உறை எப்போது தேவை? விலை ஐந்நூறு டாலரைத் தாண்டினால், அல்லது போருக்கு முந்தைய பெரிய பெயர் என்றால், உறைக்குள் இருப்பதையே வாங்குங்கள். இது என் கோடு, உங்களுடையது வேறாக இருக்கலாம். உறை இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். மதிப்பெண் போட்டவர் கார்டைச் சில நிமிடம் பார்த்திருப்பார். நீங்கள் பல வருடம் பார்க்கப்போகிறீர்கள்.

பிழை உள்ளவை

இந்தப் பகுதி செய்முறை இல்லை, ஆசை. விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

1956 டாப்ஸ் ஹாங்க் ஆரன் கார்டில் பெரிய முகம் அவருடையது, பின்னால் ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்கி வருபவர் வேறு அணியின் வில்லி மேஸ். தொப்பியை மட்டும் வரைந்து மாற்றிவிட்டார்கள். 1957ல் மறுபடி ஆரன், நெகடிவைத் திருப்பிப் போட்டதால் இடது கைக்காரராக நிற்கிறார். 1959ல் லூ பர்டெட் போட்டோக்காரரை ஏமாற்ற வேண்டுமென்றே வலது கையில் கையுறை மாற்றி நின்றார். வலது கையால் பந்தெறியும் பிட்சர் அவர், கையுறை இடது கையில் இருக்க வேண்டும். அதையும் கவனிக்காமல் அச்சடித்தார்கள். 1969ல் ஆரேலியோ ரொட்ரிகஸ் என்ற பெயருக்கு மேலே இருப்பது அணியின் பேட் எடுத்துக் கொடுக்கும் பையன்.

இவற்றில் ஆரன் இரண்டும் கொஞ்சம் விலை. மற்ற இரண்டும் காபிக் காசுக்கு வரும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இவற்றைத்தான். கையில் எடுத்துக் காட்டினால் பேஸ்பால் தெரியாதவர்களும் சிரிப்பார்கள்.

பிழை என்றால் என் கணக்கில் ‘பாப்’பும் பிழைதான். 1955, 1956ல் ரொபர்ட்டோ என்று சரியாகத்தான் போட்டார்கள். அறுபதுகள் முழுக்க பாப். 1970ல்தான் மறுபடி ரொபர்ட்டோ. இந்த மூன்று காலத்துக் கார்டுகளையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

எங்கே, எப்படி வாங்குவது

விலையை விற்கிறவர் போட்ட சீட்டில் பார்க்காதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவை என்று தனியாக வடிகட்டிப் பார்க்கலாம். கேட்கிற விலைக்கும் கைமாறிய விலைக்கும் உள்ள தூரம் அப்போது புரியும். ஒரே நிலையில் உள்ள கார்டு கடைசியாக ஐந்து தடவை என்ன விலைக்குப் போனது என்று எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

நேரில் வாங்க கார்டு ஷோதான் நல்ல இடம். ஹோட்டல் ஹால், தீயணைப்பு நிலைய ஹால், மால் என்று சின்னதாக நடக்கும். பெரியது ‘நேஷனல்’, 1980ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது, கோடையில் ஒரு ஊரில் நடக்கும். சிகாகோ பக்கம் ரோஸ்மான்ட்டில் பல தடவை நடந்திருக்கிறது. அங்கே ஒரு நாள் போதாது, கால் வலிக்கும், நல்ல செருப்புப் போடுங்கள்.

முதல் சுற்றில் எதுவும் வாங்காமல் நடங்கள். அப்புறம் மேஜைக்குக் கீழே இருக்கிற பெட்டிகளைக் கேளுங்கள். கண்ணாடிக்குள் இருப்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கார்டு. தேய்ந்தது, மடிந்தது எல்லாம் கீழே கிடக்கும், நமக்கு வேண்டியது அங்கேதான். உறையிலிருந்து எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், தொடும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நீங்கள் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே விற்பவர் உங்களை எடை போட்டுவிடுவார். மூன்று நான்கு கார்டை ஒன்றாகச் சேர்த்து, “எல்லாத்துக்கும் சேர்த்து என்ன சொல்றீங்க?” என்று கேட்டால் தனித்தனியாகக் கேட்பதைவிடக் குறையும். மாலையில் மேஜையைக் கட்டும் நேரம் இன்னும் குறையும்.

ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும்: ஒரே ஆட்டக்காரர், ஒரு வருடம் மலிவு, அடுத்த வருடம் ஏன் கொள்ளை விலை? பகுதி பகுதியாக வெளியிட்டார்கள் என்றேனே, கடைசிப் பகுதி வரும்போது கோடை முடிந்திருக்கும். பிள்ளைகள் புட்பால் பக்கம் போயிருப்பார்கள், கடைக்காரரும் குறைவாகவே வாங்குவார். அதனால் எண் பெரிதாக உள்ள கார்டுகள் குறைவு. என் 1963 கிளெமென்டே 540ஆம் எண். அதற்காக இரண்டு வருடம் காத்திருந்தேன்.

வைக்கும் இடம்

சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, பென்னி ஸ்லீவ் என்பார்கள். அதற்கு மேல் கெட்டியான டாப் லோடர். உறையில்லாமல் நேராக டாப் லோடருக்குள் போட்டால் உரசும். 1952–56 டாப்ஸுக்குப் பெரிய அளவும் டி206க்குச் சின்ன அளவும் தனியாக விற்கிறார்கள், சரியானதைக் கேட்டு வாங்குங்கள். இழுத்துத் திணித்து என் ஜாக்கி ராபின்சன் 1956 கார்டின் ஒரு மூலையை நானே வளைத்தேன். டாப்ஸ் போட்ட அவருடைய கடைசிக் கார்டு அது. நாற்பது வருடம் யார் கையிலோ பிழைத்தது, என் கையில் நாற்பது விநாடி தாங்கவில்லை.

வாய் மூட, பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப். செலோடேப் வேண்டவே வேண்டாம், பசை இறங்கிவிடும். திருகாணிப் பலகை கார்டை நசுக்கும். ஆல்பம் தாள் வாங்கினால் பி.வி.சி. இல்லாததா என்று பாருங்கள். புது ஷவர் திரை மாதிரி நாற்றம் அடித்தால் அது பி.வி.சி. பேஸ்மென்ட்டில் ஈரம், பரணில் சூடு, இரண்டும் ஆகாது. படுக்கையறை அலமாரி போதும். ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள். எங்கே, எப்போது, யாரிடம், எவ்வளவு. எனக்குப் பின்னால் என் மகள் அந்தப் பெட்டியைத் திறந்தால் எதை விற்கலாம், எதைக் கொடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே.

போன மாதம் ஒரு ஷோவில் 1955 கிளெமென்டே கிடைத்தது. அவருடைய முதல் கார்டு. மேலே நடுவில் குண்டூசி ஓட்டை. யாரோ ஒரு பையன் சுவரில் குத்தி வைத்திருக்கிறான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. பேரம் பேசி, கொஞ்சம் பணமும் என்னிடம் இரட்டையாக இருந்த இரண்டு கார்டும் கொடுத்து வாங்கினேன். பெட்டியைத் திறந்து எண்ணினேன், இருபத்திரண்டு. எதை வெளியே எடுப்பது என்று நான்கு வாரமாகப் பார்க்கிறேன். 1973ல், அவர் இறந்த பிறகு வந்த கடைசிக் கார்டை எடுக்க முடியாது. நிகரகுவா பூகம்பத்துக்கு உதவிப் பொருளோடு அவர் போன விமானம் 1972 டிசம்பர் 31ல் கடலில் விழுந்தபோது அந்தக் கார்டு அச்சுக்குப் போகத் தயாராக இருந்திருக்கும். லீச்சையும் எடுக்க மாட்டேன். பென்சில் எழுத்துள்ள மாசரோஸ்கியையும் முடியாது. 1957 ஆரனைக் கையில் எடுத்தேன், மனைவி எட்டிப் பார்த்து, “அந்த இடக்கைக்காரரையா?” என்றாள். திரும்ப வைத்துவிட்டேன். 1955 இப்போதைக்கு மேஜை விளக்குக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறது.